இருபதுக்குப் பத்தில் ஒரு கடல்

முத்துப்பேச்சி வரைந்த கடல் முதன்முதலாக நனைத்தது கறிக்கடை செல்லப்பாவின் கடாவைத்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பது தெரியாமல் பஸ் நிலைய முக்கில் அசைபோட்டுக்கொண்டு நின்ற அந்தக் கடாவின் மேல், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பக்கத்தில் சாரம் கட்டி நிறுத்தியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரிலிருந்து ஓர் அலை இறங்கி வந்து, காலை நனைத்து, வயிற்றை நனைத்து, திரும்பிப் போகும்போது அது தின்றுகொண்டிருந்த அகத்திக் குழையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. செல்லப்பா வெளியே வந்தார். கடாவை நக்கிப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று தரையில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தார். "உப்பால்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, கடாவை நாலடி தள்ளிக் கட்டி, ஈரல் கேட்டு நின்றவருக்கு ஈரல் வெட்டப் போய்விட்டார்.

வடகரிசல் என்ற அந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவில் எழுபது கிலோமீட்டர் கரிசல் காடு கிடந்தது. கடல் என்பது அங்கே வருசத்துக்கு ஒருதரம் திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனால் பார்க்கிற சமாச்சாரம். குழாயில் நல்ல தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும், அதுவும் காற்றை முதலில் அனுப்பி, சத்தத்தை அடுத்து அனுப்பி, கடைசியில் மனசு வந்தால்தான் வரும். அதனால் பேனரிலிருந்து தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டதும் பெண்கள் எல்லோரும் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடி வந்தார்கள். ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார்கள். "வாரதுதான் வருது, நல்ல தண்ணியா வந்தா என்ன கேடு?" என்று பேனரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்த ஊரில் அதிசயத்துக்குக் கிடைத்த வரவேற்பு இவ்வளவுதான்.

அதை வரைந்தவள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாரி டிஜிட்டல்ஸ் என்ற பேனர் கடையில் வேலை பார்த்தாள். வயது முப்பத்தாறு. பதினான்கு வருடங்களாக அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த ஊரில் காது குத்தியவர்கள், வயசுக்கு வந்தவர்கள், கல்யாணம் கட்டியவர்கள், தேர்தலில் நின்றவர்கள், தோற்றவர்கள், செத்தவர்கள் எல்லோரையும் இருபதடி உயரத்துக்கு ஏற்றிவிட்டவள் அவள்தான். கல்யாண பேனரில் கீழே வரிசையாக நிற்கும் நண்பர்கள் முகங்களில் தாய்மாமன் மகனின் முகம் ஒரு விரல்கடை சிறுத்துவிட்டால் பந்தியில் கைகலப்பு வரும் ஊர் அது. யார் முகம் எவ்வளவு பெரிசு, யார் முகத்துக்குப் பக்கத்தில் யார் முகம் வரவே கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கடை முதலாளி தங்கமாரியப்பன் தொழிலைப் பற்றி வைத்திருந்த கொள்கை ஒன்றே ஒன்று. "போன வருசம் போட்டதயே போடு பேச்சி. மூஞ்சிய மட்டும் மாத்து." கல்யாணத்துக்கு அன்னம், அரசியலுக்குச் சிங்கம், சடங்குக்குத் தாமரை, சாவுக்குப் புறா. இந்த நான்கு படங்களை வைத்து அவர் வீடு கட்டி, மாடி கட்டி, மாடிக்கு மேலே ஒரு சிங்கமும் கட்டி வைத்திருந்தார்.

முத்துப்பேச்சிக்கு அந்த வேலை பிடிக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிடிக்கும். சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றி அண்ணாந்து பார்க்கும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. திடீர் திடீரென்று அவளுடைய இடது உள்ளங்கை அரிக்கும். "பணம் வரப்போகுதுடி" என்பாள் அவள் அம்மா. பணம் ஒருநாளும் வந்ததில்லை. வந்ததெல்லாம் படங்கள். மாங்காய்க்குள் ஒரு கிணறு, மணப்பெண்ணின் புடவைக் கரையில் ஓடும் ரயில், செத்தவர் தலைமாட்டில் புறாவுக்குப் பதிலாக அவர் கடைசியாகக் குடித்த டீ என்று ஒவ்வொரு அரிப்புக்கும் ஒன்று வரும். அவள் உள்ளங்கையை மேஜை விளிம்பில் கரகரவென்று தேய்த்துவிட்டு, மூஞ்சியை மட்டும் மாற்றுவாள். பதினான்கு வருடத்தில் தனக்குத் தோன்றியதை ஒரு தடவைகூடப் போட்டதில்லை என்பது, சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அவளுக்கு வலித்தது. மேஜை விளிம்பு அந்த இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பஸ் கண்டக்டர் உலகநாதன் செத்துப்போனார். பதினாறாம் நாளுக்குப் பேனர் வைக்க அவர் மனைவி சுப்புத்தாய், காக்கிச் சட்டையும் தோல்பையுமாக அவர் நிற்கும் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏத்தா, பின்னால என்ன வேணா போடு. புறா மட்டும் வேண்டாம்."

"எல்லாருக்கும் புறாதான போடுறது, பெரியம்மா?"

"அந்த மனுசனுக்குப் புறான்னாலே ஆகாது. முப்பத்தோரு வருசம் பஸ் ஸ்டாண்டுல நின்னவரு. தலையில எத்தன தடவ பேண்டுருக்கும்னு நெனைக்க?"

முத்துப்பேச்சி சிரித்துவிட்டாள். துக்க வீட்டுக்காரியிடம் சிரித்துவிட்டோமே என்று பதறினால், சுப்புத்தாயும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்துவிட்டு மற்றதையும் சொன்னாள். உலகநாதன் போய்வந்தது திருச்செந்தூர் வண்டியில். முப்பத்தோரு வருடம் ஊரையே ஏற்றிக்கொண்டு போய்க் கடலைக் காட்டிய மனிதர், பெண்டாட்டியை மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை. "அடுத்த மாசம் போவோம்பாரு. இந்தா இந்த மாசமும் அதான் சொல்லிட்டுக் கெடந்தாரு. சாயங்காலம் வந்தா சட்டையில கடல் வாடை அடிக்கும். அதத் துவைச்சுத் துவைச்சே எங்காலம் போயிருச்சு."

முத்துப்பேச்சிக்கு உள்ளங்கை அரித்தது. இதுவரை அரித்ததெல்லாம் அரிப்பே இல்லை என்பது மாதிரி, மேஜையில் தேய்க்கத் தேய்க்க நிற்காமல் அரித்தது. முதலாளி அன்று மை வாங்க மதுரைக்குப் போயிருந்தார். அவள் சேமித்து வைத்திருந்த படம் எதையும் எடுக்கவில்லை, எங்கேயும் தேடவில்லை. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் ஒரே ஒருமுறை பார்த்த கடலை, மதியச் சாப்பாட்டையும் மறந்து, மவுஸைப் பிடித்தபடி அலை அலையாக வரைந்தாள். காதுகுத்துக்காரர்கள் வந்து கேட்டபோது நாளைக்கு வாங்க என்றாள், சடங்குக்காரர்கள் வந்தபோது திரும்பியே பார்க்கவில்லை. சாயங்காலம் அச்சடித்து முடித்தபோது இருபதுக்குப் பத்தில் ஒரு கடலும், அதன் கரையில் பையோடு உலகநாதனும் இருந்தார்கள். அவளுக்குக் கை வலித்தது, பசித்தது, அழுகை வந்தது. இவ்வளவு நாள் இதைத் தராமல் நம்மை நாமே பட்டினி போட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

கடாவை நனைத்த கடல் அதுதான்.

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து டேப் வைத்து அளந்தார்கள். கடலைப் பற்றி எந்த விதியிலும் எதுவும் இல்லாததால் 'நீர்க்கசிவு' என்று எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் சுண்டல்காரர் வந்தார். அவரைப் பார்த்து மிளகாய் பஜ்ஜி வந்தது, பஜ்ஜியைப் பார்த்து பலூன் சுடுகிற துப்பாக்கி வந்தது, குதிரை கிடைக்காமல் ஒரு கழுதைக்குச் சலங்கை கட்டி ஒருவர் சவாரி விட்டார், அதில் ஏறிய குழந்தைகளும் குதிரை என்றே நம்பி அழுதன. காதலிக்கிறவர்கள் ஈர மண்ணில் பெயர் எழுதினார்கள். அவர்களைத் தேடி வந்த தகப்பன்மார்கள் எழுத்துப் பிழையைத் திட்டிவிட்டு பஜ்ஜி சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அலையில் கொஞ்சம் சாளை மீன் வந்து விழுந்ததால் செல்லப்பா கறிக்கடையில் பாதியை மீன்கடை ஆக்கினார். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகச் சோம்பல்பட்டவர்கள் பேனருக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள், இதில் தர்ப்பணம் கொடுத்தால் போய்ச் சேருமா என்று ஒருவர் சந்தேகம் கேட்டபோது, "கடல்னா கடல்தான். அளவு எதுலயும் சொல்லல" என்று ஐயர் எள்ளை எடுத்துக் கையில் கொடுத்தார்.

தினமும் மூன்று மணிக்கு சுப்புத்தாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக்கொண்டு, காலை அலையில் போட்டுக்கொண்டு, மேலே நிற்கும் புருசனைத் திட்டுவாள். "இப்பவும் நானேதான் வர வேண்டியிருக்கு, என்ன?" என்று ஆரம்பித்தால் ஐந்து மணிவரை போகும். அலை அவள் காலில் மட்டும் ரொம்ப மெதுவாக வந்து விழும்.

முத்துப்பேச்சி எதிர்ப்பக்கம் நின்று இதையெல்லாம் பார்ப்பாள். யார் வரைந்தது என்று யாரும் கேட்கவில்லை. பேனர் மூலையில் கடையின் பெயரும் போன் நம்பரும் இருந்தன, அது போதும் ஊருக்கு. அவளுக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

குறை முதலாளிக்குத்தான். மதுரையிலிருந்து திரும்பிய அன்றே கடலைப் பார்த்திருந்த தங்கமாரியப்பன், இப்போது கூட்டத்தையும் பார்த்தார், கடை வாசலில் ஒரு போர்டு வைத்தார். கடல், அருவி, மழை, குளம், எல்லாம் ஆர்டரின் பேரில் செய்து தரப்படும். மறுநாள் வரிசை செல்லப்பா கடைவரை நின்றது. முத்துப்பேச்சி எல்லாவற்றையும் வரைந்தாள். காதுகுத்துக்குப் போட்ட அருவி லேசாக வேர்த்தது. கல்யாணத்துக்குப் போட்ட மழை மூன்று சொட்டு விழுந்து, அந்த மூன்றும் போட்டோகிராபர் தலையில் விழுந்தன. பதினோராம் வார்டு கவுன்சிலர் ராஜகனி தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நயாகரா கேட்டிருந்தார். தொண்டர்கள் குடையோடும் துண்டோடும் காத்திருக்க, நயாகரா கடகடவென்று உறுமி, நிதானித்து, ஒரே ஒரு தவளையை வெளியே அனுப்பியது. அது மேடையில் ஏறி ராஜகனியின் மாலைக்குள் உட்கார்ந்துகொண்டது.

"அம்பது வயசுக்கு ஒரு தவளதானாய்யா?" என்று ராஜகனி கடைக்கு வந்து கத்தினார். "செத்த கண்டக்டருக்குக் கடலு, உசுரோட இருக்கவனுக்குத் தவளயா?"

தங்கமாரியப்பன் முத்துப்பேச்சியைப் பார்த்தார். "உள்ளங்கை அரிக்கல அண்ணாச்சி" என்றாள் அவள் உள்ளபடியே. அவர் யோசித்தார். மறுநாள் காலையில் காட்டுக்குப் போய், தொட்டால் ஒருநாள் முழுக்கச் சொறிய வைக்கும் செந்தட்டி இலையைத் துண்டில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முத்துப்பேச்சி அதையும் தேய்த்துப் பார்த்தாள், ஏனென்றால் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது, அதோடு அது மறுபடியும் வராதோ என்ற பயம் அவரைவிட அவளுக்குத்தான் அதிகம். உள்ளங்கை இரண்டு நாள் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. வந்தது தாமரைதான்.

கடைசியில் தங்கமாரியப்பன் தன் பழைய கொள்கைக்கே திரும்பினார். "நாம எதுக்கு இம்புட்டுச் சிரமப்படணும்? கடல்தான் ஏற்கெனவே நிக்கே. கண்டக்டரத் தூக்கிட்டுக் கவுன்சிலர ஒட்டு. மூஞ்சிய மட்டும் மாத்து."

"அது அவரோட கடலு, அண்ணாச்சி."

"பேனரு நம்மளுது."

"அந்தப் பெரியம்மா தெனமும் வந்து உக்காந்திருக்கு. நான் மாத்த மாட்டேன்."

"அப்ப நாளையிலருந்து வர வேண்டாம்."

முத்துப்பேச்சி கம்ப்யூட்டரை அணைத்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, பாதியில் நின்ற ஒரு சடங்கு பேனரில் தாய்மாமன் முகத்தை ஒரு விரல்கடை பெரிசாக்கி வைத்துவிட்டுப் போனாள், இல்லாவிட்டால் அங்கே அடிதடி ஆகிவிடும்.

மறுநாள் விடிந்ததும் தங்கமாரியப்பனே சாரத்தில் ஏறினார். ராஜகனி இரண்டு கையையும் கூப்பிச் சிரிக்கும் படத்தை உலகநாதன் மேல் பசை தடவி ஒட்டினார். முகத்தை மாற்றினால் எழுத்து தானாக மாறிக்கொள்ளும் என்றே பதினான்கு வருடங்களாக அவர் நம்பியிருந்தார், ஏனென்றால் பதினான்கு வருடங்களாக அது மாறித்தான் வந்தது. மாற்றிக்கொண்டிருந்தவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆக, தலைக்கு மேலே கண்ணீர் அஞ்சலி, வலப்பக்கம் தோற்றம், இடப்பக்கம் மறைவு, காலடியில் 'ஆழ்ந்த வருத்தத்துடன் போக்குவரத்துத் தொழிலாளர்கள்' என்ற எழுத்துகளுக்கு நடுவில், பின்னால் கடல் இரைய, கவுன்சிலர் ராஜகனி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்குள் போன் போகாத ஊர் இல்லை. ஒன்பது மணிக்கு ராஜகனி வீட்டுக்குச் சாவு மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், இருக்கும்போது சொல்லாத நல்ல வார்த்தைகளையெல்லாம் மைக்கில் சொல்லி, தேம்பி, தண்ணீர் வாங்கிக் குடித்தார். வேனில் வந்து இறங்கிய ராஜகனியின் அத்தை, வாசலில் லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டிருந்த ராஜகனியைப் பார்த்தாள். பார்த்தும், வழியெல்லாம் சொல் சொல்லாகக் கட்டிக்கொண்டு வந்த ஒப்பாரியை வீணாக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முழுவதையும் பாடி முடித்துவிட்டுத்தான் காபி குடித்தாள். ஒப்பாரி நன்றாக இருந்ததால் ராஜகனியும் கடைசியில் கொஞ்சம் அழுதுவிட்டார்.

மத்தியானம் பேனர் முன்னால் கூட்டம் கூடி நின்றது. வழக்கத்தைவிடப் பெரிய அலை ஒன்று எழுந்து ராஜகனியின் முகத்தை நனைத்தது. பசை விட்டது. படம் கழன்று கடலில் விழுந்து, கும்பிட்ட கையோடும் சிரித்த வாயோடும் மிதந்து, உள்ளே, இன்னும் உள்ளே என்று போய், சுண்டல் அளவாகி, எள் அளவாகி, அடிவானத்தைத் தாண்டியது. உலகநாதன் பையோடு பழையபடி கரையில் நின்றார். மூன்று மணிக்கு சுப்புத்தாய் வந்து, "மூஞ்சியத் தொடச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டினாள்.

மூன்று நாளுக்கு மேல் பேனர் நிற்கக் கூடாது என்ற விதி ஒன்று இருப்பது அன்று சாயங்காலம் ராஜகனிக்கு ஞாபகம் வந்தது. ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். சுப்புத்தாய் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அவுக்கிறத அவுத்துக்கோங்கப்பா. ஆனா உருட்டி எங்கிட்டக் குடுக்கணும். எம்புருசன் பேனரு."

அது ஊர் வழக்கம், யாரும் மறுக்க முடியாது. அவிழ்த்த பேனர் அந்தந்த வீட்டுக்குத்தான் சொந்தம். ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை, மழைக்கு மறைப்பு, வற்றல் காயப்போட விரிப்பு என்று வடகரிசலில் பாதி வீட்டுக் கூரையில் யாராவது ஒருவர் மாலையோடு மல்லாந்து கிடப்பார். நான்கு பேர் சேர்ந்து கடலைச் சுருட்டினார்கள். ஆட்டோவில் ஏற்றியபோது தெரு நெடுகச் சொட்டிக்கொண்டே போனது. அவள் அதைக் கொல்லைச் சுவரில் கட்டினாள், அதன் முன்னால் மோர்மிளகாயைக் காயப்போட்டாள், அன்றிலிருந்து அவள் வீட்டு மோர்மிளகாய்க்கு உப்பு வாங்கவே இல்லை. ஊர் இரண்டு நாள் முணுமுணுத்தது. பிறகு பஜ்ஜிக்காரர் வண்டியை அவள் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் தங்கமாரியப்பன் முத்துப்பேச்சி வீட்டு வாசலில் வந்து நின்றார். இடைப்பட்ட நாளில் அவர் ஒரு கல்யாணத்துக்குச் சிங்கம் போட்டிருந்தார், ஒரு தாய்மாமனைச் சிறுசாக்கி நெற்றியில் தையல் வாங்கியிருந்தார்.

"பேச்சி, வந்துரு."

முத்துப்பேச்சிக்கு உடனே ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. இந்த ஒன்பது நாளில் அவளுக்குத் தாமரைகூடக் கண்ணில் நின்றது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "காலையில வாரேன். சிங்கம், அன்னம், தாமரை, புறா, எல்லாம் போடுறேன். மூஞ்சி மாத்துறேன், எழுத்தும் மாத்துறேன். மூணுலருந்து அஞ்சு கம்ப்யூட்டரு எனக்கு. அந்த ரெண்டு மணி நேரம் வந்தது வரும், வராதது வராது. என்ன வந்துச்சுன்னு கேக்கக் கூடாது. செந்தட்டி கொண்டாரக் கூடாது."

"இது எந்த ஊரு சட்டம்?" என்றார் தங்கமாரியப்பன். நெற்றித் தையல் இழுத்தது. "சரி" என்றார்.

முதல் நாள் மூன்று மணிக்கு உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு மாதம் இல்லை. வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து போவாள். வழியில் செல்லப்பா, "என்னம்மா, வந்துச்சா?" என்பார். "வரல அண்ணே" என்பாள். வெட்கமாக இருந்தது. அந்த ஒரு கடலோடு முடிந்ததோ என்று சில நாள் உள்ளங்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆனாலும் மறுநாள் மூன்று மணிக்கு உட்கார்ந்தாள். தங்கமாரியப்பன் வாக்குத் தவறாமல் ஒன்றும் கேட்கவில்லை, அதற்காக அவர் பட்ட பாட்டில் உடம்பு இளைத்துவிட்டது.

நாற்பத்தோராவது நாள், காலை பதினொன்றே கால் மணிக்கு, ராஜகனி கடையில் உட்கார்ந்திருந்தார். மகள் சடங்குக்குப் பேனர். அருவி வேண்டாம், நயாகரா வேண்டாம், மூன்று தடவை கேட்டுக்கொண்டார், வெறும் தாமரை போதும், எழுத்தை மட்டும் பேச்சியே ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும். முத்துப்பேச்சி தாமரையின் மூன்றாவது இதழில் இருந்தாள். கரகரவென்று சத்தம் கேட்டது.

தங்கமாரியப்பன் திரும்பிப் பார்த்தார். அவள் இடது உள்ளங்கையை மேஜை விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக்கொண்டே சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் கிடந்தது. பிறகு அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

தங்கமாரியப்பன் எழுந்தார். வாசலில் தொங்கிய 'கடை திறந்திருக்கிறது' அட்டையைத் திருப்பிப் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். கரண்டு போனால் கம்ப்யூட்டரை ஓட்டுவதற்காக மேஜைக்கு அடியில் தரையில் கிடந்த பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சுவாங்க, அலமாரியின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தார். மைடப்பாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அதன் பக்கத்தில் அடுக்கினார். அப்புறம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த ராஜகனியிடம் திரும்பினார்.

"கவுன்சிலரே, காலத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிடுங்க."